திக்னஸ் (ஆலைக் குழாய்களின் சுவர் கனத்தை ஒலியால் அளப்பது) எடுக்கப் போன இடத்தில் உங்களுக்கு நடந்தது என்ன?

முதுநகர்க்காரன்:
நம்ம கடலூர்ல கட்டிட்டிருந்த எண்ணெய் ரிஃபைனரி 2011 டிசம்பர் 30, தானே புயலோட நின்னுபோச்சு. அந்த ரிஃபைனரியில வேலை கிடைக்கும்னு நம்பி என்டிடி, அதாவது பொருளை உடைக்காம சோதிக்கிற படிப்பு, படிச்ச எங்க செட்டு பெட்டியைக் கட்டிக்கிட்டு கல்ஃபுக்குப் போயிட்டோம்.

அங்க ஒரு ரிஃபைனரியில முதல் வருஷம். 6 இஞ்ச் லைன், அதாவது குழாய். சுவர் கனம் புதுசுல 7.1 எம்எம். மூணு வருஷம் முன்னாடி ஷட்டவுன்ல, ஆலையை நிறுத்தி வச்சப்ப எடுத்தது 6.6. யூனிட் ஓடிட்டிருக்கப்பவே நான் கேஜை வச்சேன், ஒலி அனுப்பிக் கனம் காட்டுற கருவி அது. சூட்டுக்குன்னு தனி புரோப் (குழாயைத் தொடுற முனை), நடுவுல தடவ தனி ஜெல். அதே 6.6! தேயவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "தம்பி, லைன் என்ன சூடு?" 300 டிகிரி. "கேஜை எங்க செட் பண்ணே?" ஏசி ரூம்லன்னேன். சிரிச்சிட்டார்.

இரும்பு சூடாக ஆக ஒலி உள்ள மெதுவாப் போகும். கேஜுக்கு சூடு தெரியுமா? போய் வர நேரம் கூடுனா கனம் கூடுனதாத்தான் காட்டும். தோராயமா 55 டிகிரிக்கு 1 சதவீதம். 5 சதவீதம் கழிச்சா 6.3 தான். வருஷம் 0.1 தேயுது. அந்த லைனுக்குக் குறைஞ்சது 5.3 வேணும். ஆக மீதி ஆயுசு 10 வருஷம், அதுல பாதி போறதுக்குள்ள மறுபடி பாத்தாகணும். என் ரிப்போர்ட்படி அது சாகாவரம் வாங்கின லைன்!

சிப்காட் பழைய ஆள்:
300 டிகிரின்னா தண்ணி நிக்காதுண்ணே. எனக்கு வில்லன் 80, 90 டிகிரி லைன்தான். சூடு போகாம இருக்க லைனைச் சுத்தி ராக்வூல்னு ஒரு பஞ்சு, அதுக்கு மேல தகடு. தகடு பளபளன்னு இருக்கும். கிளாம்ப் பக்கம் சீல் விட்டுப்போய், மழைத்தண்ணி கடற்காத்து உப்போட ராக்வூல்ல ஊறிக் கிடக்கும், காயவே காயாது.

தகடைக் கழட்டினா துரு அப்பளம் அப்பளமா வந்துச்சு. சுரண்டி கேஜ் வச்சேன், 4.2. "பரவால்லியே"ன்னார் மேனேஜர். எனக்கு மனசு கேக்கல. வேற கேஜ் வாங்கி வச்சா 2.1! ரொம்ப மெலிஞ்சுட்டா சில கேஜ் ரெண்டாவது எதிரொலியைப் பிடிச்சு இரட்டிப்பாக் காட்டும். அன்னிக்கு ராத்திரியே லைனை நிறுத்திட்டாங்க.

ஓடுற லைன்ல நான் துருவைச் சுரண்டினதே முட்டாள்தனம். சில நேரம் அந்தத் துருதான் ஓட்டையை அடைச்சிட்டிருக்கும். இப்ப நினைச்சாலும் உள்ளங்கை வேர்க்குது.

நெய்வேலி மருமகள்:
நான் சைட் ஏறினதில்லை, ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. ஒரு தடவை ஒரே லைன்ல 24 இடத்துல எடுத்த அளவு வந்துச்சு. எல்லாமே 9.3. இட்லித் தட்டுல கூட ஒரு இட்லி கொஞ்சம் தடிமனா இருக்கும்! 8 மீட்டர் உயர லைன், ஆனா சாரம் கட்டின பில்லே இல்லை. "எப்படி சார் ஏறினீங்க?"ன்னு மட்டும் கேட்டேன். பதில் வரல. மறுவாரம் புது ரிப்போர்ட் வந்துச்சு, 9.1ல இருந்து 7.4 வரைக்கும்.

முதுநகர்க்காரன்:
சபாஷ்மா. அந்த 7.4 எல்போவோட, அதான் லைன் திரும்புற இடத்தோட, வெளி வளைவுலயா?

நெய்வேலி மருமகள்:
அதை எழுதாம விட்டிருந்தாங்கண்ணே. திருப்பி அனுப்பிட்டேன்.