பக்கவாட்டில் சாயும் மேஃப்ளை: கட்டுவதில் எங்கே பிசகு?

நீரோடை (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். ட்ரவுட் மீன் பிடிக்க, மேஃப்ளை என்னும் நீரோரப் பூச்சியைப் போன்ற செயற்கை ஈக்களைத் தூண்டில் முள்ளில் நானே கட்டுகிறேன். 14ஆம் எண் முள், முயல் உரோமத்தில் உடல், வீட்டுச் சேவலின் இறகு. கையில் வைத்துப் பார்த்தால் அச்சு அசல். மூயி ஆற்றில் விட்டாலோ ஒரு பக்கம் சாய்ந்து, சற்று நேரத்தில் மூழ்கிவிடுகிறது. கடையில் வாங்கிய ஈ அதே இடத்தில் நிமிர்ந்து மிதக்கிறது. வயிற்றெரிச்சல்!

மலைத்தூண்டில்:
தம்பி, சேவலின் எந்தப் பகுதி இறகு? முள் என்ன வகை?

நீரோடை:
முதுகு இறகு அண்ணா. கறிக்கு அறுத்தபோது அம்மா எடுத்து வைத்தார். முள், நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியின் உருவம்) கட்ட வாங்கியதில் மிச்சம்.

மலைத்தூண்டில்:
பாதி விடை அதிலேயே இருக்கிறது. நிம்ஃப் முள்ளின் கம்பி தடிமன். அடியில் இறங்குவதற்கென்றே செய்தது. மிதக்கும் ஈக்கு மெல்லிய கம்பி வேண்டும்.

இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுத்தண்டின் இருபுறமும் மங்கலான பட்டை தெரியும். தண்ணீரை உறிஞ்சுவது அதுதான். பட்டை குறுகிய, பளபளப்பான கழுத்து இறகு தேவை. முதிர்ந்த சேவலிடம்தான் கிடைக்கும். இழையை மடக்கிவிட்டால் விறைப்பாக எழ வேண்டும். இழையின் நீளம், முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் இடைப்பட்ட வாயின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு போதும். முயல் உரோமமும் நீர் குடிக்கும். பாலிப்ரொப்பிலீன் இழை குடிக்காது, தண்ணீரைவிட இலேசும்கூட.

இனி, சாய்வதற்கு வருவோம். வாலை ஒரே கொத்தாகக் கட்டியிருப்பீர்கள். முள்ளின் வளைவு தொடங்கும் இடத்தில் கடுகளவு உரோமத்தை உருட்டி வைத்து, வால் இழைகளை அதன் இருபுறமும் பிரித்துக் கட்டுங்கள். நம் ஓடைகளில் மிகுதியான பீட்டிஸ் என்னும் மேஃப்ளை இனங்களுக்கு வளர்ந்த பருவத்தில் வால் இரண்டுதான், ஆகவே உருவமும் பொருந்தும். பிறகு முள்ளுக்கு அடியில் நீட்டும் இறகு இழைகளைக் கத்தரியுங்கள். ஈ நீர்ப்பரப்பில் படிந்து உட்காரும். பாய்ச்சல் நீரில் மிதப்பு குறையும் என்று சிலர் இதை ஏற்பதில்லை. அமைதியான நீரில் எனக்கு இதற்கு நிகர் கிடையாது.

ட்ரவுட் அக்கா (டர்பன்):
நம் முன்னோர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு 1860இல் கப்பலில் வந்தார்கள்; பிரவுன் ட்ரவுட்டை நேட்டால் ஆறுகளில் விட்டது 1890இல். நமக்குப் பின் வந்த மீனுக்கு இத்தனை உபசாரமா? அது பெரும்பாலும் நீருக்கடியில்தான் மேய்கிறது. இங்கிலாந்தில் ஏவான் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், நூலே இல்லாமல் செம்புக் கம்பியையும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகையும் வைத்து நிம்ஃப் கட்டினார். அதைக் கட்டுங்கள்; சாயும் பேச்சே எழாது.

மலைத்தூண்டில்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் மீன் மேலே வந்து வாய் திறப்பதைப் பார்க்கத்தானே தம்பிக்கு ஆசை!

நீரோடை:
அதேதான் அண்ணா. வாலைப் பிரித்து, அடி இழைகளைக் கத்தரித்தேன். தடித்த முள்ளிலேயே, தொட்டித் தண்ணீரில் நிமிர்ந்து விழுகிறது. மூழ்காமல் இருக்கப் புது முள்ளும் இறகும் வாங்கிவிடுகிறேன். இப்போது வேறு தொல்லை: முள்ளின் காதுத் துளை அடைந்து, தூண்டில் நரம்பு நுழையவில்லை.

மலைத்தூண்டில்:
இறகைக் காதுவரை சுற்றியிருக்கிறீர்கள். காதை ஒட்டி ஒரு காதளவு முள்ளின் தண்டை முதலிலேயே வெறுமையாக விடுங்கள். கடைசி முடிச்சு அதற்குள் அடங்க வேண்டும். வார்னிஷைத் தூரிகையால் பூசாமல் ஊசி முனையால் ஒரு பொட்டு வையுங்கள். அடைந்துபோனவற்றை அதே ஊசியால் குத்தித் திறக்கலாம், நூலில் படாமல்.