சுட்ட களிமண் சிமெண்ட்: ஆலை மாதிரி கிடைக்குமா?

வணக்கம். எல்சி3 (சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த) சிமெண்டில் ஆய்வு செய்கிறேன்: 50% கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும், சிமெண்டின் முக்கிய மூலப்பொருள்), 30% சுட்ட களிமண், 15% சுண்ணாம்புக்கல், 5% ஜிப்சம். கிளிங்கருக்குச் சூளையில் சுமார் 1450 டிகிரி வேண்டும்; களிமண்ணுக்கு 800 டிகிரி செல்சியஸ் போதும். அதனாலேயே இதை விட மனசில்லை.

வலிமை நன்றாகவே வருகிறது. சிக்கல் ஸ்லம்ப்பில்தான், அதாவது கூம்பு அச்சைத் தூக்கியதும் கான்கிரீட் எவ்வளவு சரிகிறது என்ற அளவில். கலந்ததும் தளதளவென்று இருக்கும் கான்கிரீட், அரை மணி நேரத்தில் கூம்பைத் தூக்கினாலும் சரியாமல் அப்படியே நிற்கிறது. களிமண்ணின் தகடு போன்ற நுண்துகள்கள் தண்ணீரையும் சூப்பர்பிளாஸ்டிசைசரையும் (கலவையை இளக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) இழுத்துக்கொள்கின்றன.

ஆய்வகச் சூளையில் சுட்ட மண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது என் கருத்து. ஆலையில் வேலை செய்பவர்கள் யாராவது, நிறுவன அனுமதியோடு, அங்கே சுட்ட களிமண்ணில் சில கிலோ மாதிரி அனுப்ப முடியுமா? சோதனை முடிவுகளை முழுதாகப் பகிர்கிறேன்.

அப்புறம், நிறுவனங்களோடு கூட்டாய்வு செய்தவர்கள், முடிவுகளை வெளியிடும் உரிமையை ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள்.