கண் அசரும் நேரத்தில் தூக்கிப் போடுகிறது, நெஞ்சை அமுக்குகிறது: உங்களுக்கும் நடந்ததா?

ஓசூர் சி-ஷிப்ட்:

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். ஓசூர் சிப்காட்டில் நாலு வருடமாக வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். சி-ஷிப்ட், அதாவது இரவு வேலை வாரத்தில் காலையில் வெளியே வந்து, ரோட்டுக் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் படுப்பேன். அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜன்னலுக்குப் பழைய போர்வைதான் திரை.

முதலில் வந்தது வெறும் தூக்கிப்போடல். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைக்கும்போது இன்னும் ஒரு படி இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு குலுக்கல். காலை உதறிக்கொண்டு எழுவேன், நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும். எல்லாருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன்.

போன ஆனி மாதம் ஒரு நாள், பகல் பதினொன்றரை இருக்கும். விழிப்பு வந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. கொடியில் லுங்கி ஆடுகிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் விடுகிறது. ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. நெஞ்சின்மேல் ராகி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி பாரம். சுவர் ஆணியில் மாட்டியிருந்த என் யூனிபார்ம் சட்டைக்குத் தோளும் கழுத்தும் முளைத்துவிட்டன. அதற்கு முகம் இல்லை. ஆனாலும் அது என்னையே பார்க்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பக்கத்தில் செல்போன் நோண்டிக்கொண்டிருந்த ரூம்மேட்டை “டேய்” என்று கூப்பிடப் பார்த்தேன், தொண்டையில் காற்றுகூட அசையவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. அவன் எதையோ பார்த்துச் சிரித்த சத்தத்தில் சட்டென்று விடுபட்டேன். பனியன் முழுக்க வேர்வை. “என்னடா, கனவா?” என்றான். இல்லை, நான் முழித்துத்தானே இருந்தேன்?

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய தொல்லை. தூங்குவதற்கே பயம். லைட்டை அணைக்க மாட்டேன், போனில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கம் குறைந்ததால் ஷிப்டில் டீ நாலு, ஐந்து என்று ஏறியது. வாரத்துக்கு ஒருமுறை வந்தது மூன்று முறை ஆனது.

ஊருக்குப் போனபோது பாட்டியிடம் சொன்னேன். “அமுக்குவான்டா அது. உத்திரத்துக்கு நேரா படுத்தியா?” என்று கேட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் விளக்குமாறும் அரிவாளும் வைத்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். ஐந்து நாள் எதுவும் வரவில்லை! ஓசூர் திரும்பிய மூன்றாம் நாளே வந்துவிட்டது. ரூம்மேட் இருக்கும் அறையில் அரிவாளை எங்கே வைப்பது?

ஈசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று, நார்மல். யாருக்காவது இப்படி நடந்து சரியானதா? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

ராயக்கோட்டை தக்காளி:

எனக்கு அமுக்குவதில்லை, வெடிக்கும். சீசன் நேரத்தில் மண்டிக்கு விடியாத முன்னே வண்டி ஏற்ற வேண்டும் என்பதால் சாயங்காலம் ஏழரைக்கே படுப்பேன். கண் மூடி வரும்போது தலைக்குள் “டமார்”. கூடவே ஒரு வெளிச்சம். முதல் தடவை கேஸ் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்து அடுப்படிக்கு ஓடினேன். வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாய்கூடத் தலை தூக்கவில்லை. நாய் தூக்காததைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. வலி கிடையாது. விலை விழுந்த வாரங்களில் அதிகம் வருகிறது.

பாப்பிரெட்டிப்பட்டி அம்மா:

தம்பி, என் மகளுக்கு நடந்ததை எழுதுகிறேன். நீட் கோச்சிங்குக்காக விடுதியில் இருந்தாள். இரவு ஒரு மணி வரை படிப்பு, ஐந்துக்கு எழுப்பிவிடுவார்கள். விடியற்காலையில் உடம்பு கட்டிப்போட்டது போல ஆகிறது, யாரோ கால்மாட்டில் நிற்கிறார்கள் என்று போனில் அழுதாள். யார் என்று கேட்டால், “தெரியலம்மா, யாரோ” என்பாள்.

நான் பயந்துபோய் லீவில் அவளைக் குறி சொல்பவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் வெற்றிலையைப் பார்த்துவிட்டு, “புளியமரத்தடியில் ஒரு பெண் பிடித்திருக்கிறாள், சிவப்புச் சேலை” என்றார். தாயத்து கட்டினார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அன்றைக்கு வரை “யாரோ” என்று இருந்ததற்கு அடுத்த வாரமே சிவப்புச் சேலை வந்துவிட்டது. தலைவிரி கோலமாக நிற்கிறாளாம். நம் ஊரில் எந்த ரோட்டில் போனாலும் புளியமரம்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பெற்ற நானே பேய்க்கு முகம் வாங்கிக் கொடுத்து வந்தேன் என்று இன்றைக்கும் மனது அறுக்கிறது.

பிறகு அவளுடைய பள்ளி டீச்சர் ஒருவர் உட்கார வைத்து, உடம்பில் என்ன நடக்கிறது என்று படம் போட்டு விளக்கினார். விடுதியில் பேசி பதினொன்றுக்குப் படுக்க விடச் சொன்னோம். குறைந்துவிட்டது. தாயத்தை அவளாகத்தான் கழற்றினாள், நான் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி நர்ஸம்மா (ஓய்வு):

முப்பது வருடம் வார்டில் நைட் டியூட்டி பார்த்தவள். இது எனக்கும் வந்திருக்கிறது, அதனால் புத்தகத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை.

கனவு அதிகம் வருகிற தூக்கம் ஒன்று உண்டு, கண் மூடியிருந்தாலும் கருவிழி அங்கும் இங்கும் ஓடும். ரெம் தூக்கம் என்பார்கள், 1953-ல் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்த நேரத்தில் மூளை கை கால் தசைகளைப் பூட்டிவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டே ஓடுவான். சில சமயம் நமக்கு விழிப்பு முன்னாலேயே வந்துவிடுகிறது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. கண் பார்க்கிறது, காது கேட்கிறது, கனவும் பாதி மிச்சம் இருக்கிறது. சட்டைக்குக் கழுத்து முளைப்பது அந்த மிச்சக் கனவில்தான்.

நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் உண்டு. கண்ணுக்கும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சை இழுக்கிற தசையான உதரவிதானத்துக்கும் மட்டும் பூட்டு கிடையாது. அதனால் மூச்சு தானாக ஓடும். ஆனால் விலா எலும்புத் தசைகள் கட்டுப்பட்டிருப்பதால், பயத்தில் வேண்டுமென்றே ஆழமாக இழுக்கப் பார்த்தால் நெஞ்சு விரியாது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மனது முடிவு கட்டிவிடும். மூச்சு நின்றுவிடாது, அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மட்டும் இல்லை. ஏறத்தாழ 36,000 பேரை உள்ளடக்கிய ஆய்வுகளை 2011-ல் தொகுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருந்தார்கள். மாணவர்களில் அது நூற்றுக்கு 28. பாப்பிரெட்டிப்பட்டி அம்மாவுக்கு இந்தக் கணக்கு உதவும்.

ராயக்கோட்டைக்காரம்மா, உங்கள் வெடிச் சத்தத்தை 1876-லேயே சைலஸ் வியர் மிட்செல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். வலி இல்லாதவரை பயப்பட ஒன்றுமில்லை. வலியோடு வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓசூர் தம்பி, பாட்டி வீட்டில் எப்படிப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு?

ஓசூர் சி-ஷிப்ட்:

ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன் அம்மா. பாட்டியின் கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்துபோனது. மல்லாந்து படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், அதனால் ஒருக்களித்துத்தான்... ஓ.

கிருஷ்ணகிரி நர்ஸம்மா (ஓய்வு):

அதேதான். மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வரும். தூக்கக் கடனும் நேரம் மாறி மாறித் தூங்குவதும் அடுத்த காரணங்கள். டீயில் உள்ள கஃபீன் பாதி குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நீங்கள் நாலு மணிக்குக் குடிக்கிற டீ எட்டு மணிக்குப் படுக்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்கும். நைட் ஷிப்டில் இரண்டு மணிக்கு மேல் டீயை விடுங்கள். வந்துவிட்டால் திமிறாதீர்கள். கண்ணை உருட்டுங்கள், கால் கட்டைவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை வெளியே விடுவதில் கவனம் வையுங்கள்.

அரிவாள்? பாட்டி மனம் நோகாமல் இருக்கட்டும். உறையோடு.

தொப்பூர் கணவாய்:

எல்லாத்தையும் பயம், மனசு என்று முடித்துவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் ஏற்றிக்கொண்டு போகிற லாரி என்னுடையது. இரவு மூன்று மணி, தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் போகிறேன். நடு ரோட்டில் ஒரு எருமை. கொம்பு வளைந்திருப்பது வரை தெரிகிறது. பிரேக்கை அழுத்தினேன், பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே விலகிப் போனான். எருமை இல்லை. எருமைச் சாணம்கூட இல்லை. கிளீனர் பையன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. எத்தனை வண்டி கவிழ்ந்த இடம் அது என்று ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

முனியப்பன்தான் மறித்துக் காப்பாற்றினார் என்று பொங்கல் வைத்தேன். அதை இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனைவி வேறொன்று சொன்னாள். “தூங்கும்போது குறட்டை திடீர்னு நின்னுடுது. கொஞ்ச நேரம் மூச்சே இல்ல. அப்புறம் தண்ணியிலிருந்து எழுந்த மாதிரி ஒரு இழுப்பு. நான் எத்தனை ராத்திரி உங்க மூக்குல கை வெச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா?” சேலத்தில் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். தலை, மார்பு, கால் எல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். மணிக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட். ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தும் நான் தூங்கவே இல்லை என்பதுதான் விஷயம். எருமை வந்தது விழித்திருந்த கண்ணில் இல்லை, நொடி நேரம் அசந்த கண்ணில். இப்போது மூக்கில் மாஸ்க் வைத்து காற்று தள்ளுகிற மெஷினோடு தூங்குகிறேன். பேரன் என்னை ‘யானைத் தாத்தா’ என்கிறான்.

குறட்டை, மூச்சுத் திணறி எழுவது, பகலில் தூங்கி வழிவது இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் கட்டாயம்.

அரூர் டீச்சர்:

எனக்கு வந்தது இதில் எதிலும் சேராது. என் கணவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். அதன் பிறகு தூக்கம் என்னைத் தொடும் கணத்தில், தரை நழுவுவது போல ஒரு உணர்வு வரும். “இதோ, நிற்கப்போகிறது” என்று தோன்றும். எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மகன் ஆசையாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். ராத்திரி முழுக்க அதில் இதயத் துடிப்பைப் பார்ப்பதுதான் வேலை. 92 என்று காட்டும், பயப்படுவேன், 110 ஆகும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியாது.

நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? கடைசியில் போனேன். ஒரு மணி நேரம் கணவரைப் பற்றித்தான் பேச்சு. இதயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. முதலில் வாட்சைக் கழற்றச் சொன்னார். தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும், இருபது நிமிடம் போல வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறு அறையில் உட்கார வேண்டும், மணி பார்க்கக் கூடாது. நான் கீரை ஆய்வேன். ராத்திரி ஒரு மணிக்கு முருங்கைக்கீரை உருவிய வீடு எங்கள் தெருவில் என்னுடையது மட்டும்தான். கவலைகளை எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கே ஒரு நோட்டில் எழுதிவிடச் சொன்னார். சில மாதம் மாத்திரையும் இருந்தது. இப்போது இல்லை. மாத்திரையை நிறுத்தியதும் அவர் சொன்னபடிதான், நானாக இல்லை.

தரை நழுவுவது இன்னும் எப்போதாவது வரும். அது தூக்கத்தின் வாசல்படி, அவ்வளவுதான் என்று இப்போது படுத்தபடியே இருக்கிறேன்.

நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அதியமான்கோட்டை:

நான் பைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குப் பூசணி விளக்கு ஏற்றுகிறேன். தூக்கமும் நன்றாக வருகிறது. டீயையும் குறைத்திருக்கிறேன். எது வேலை செய்தது என்று பைரவரிடம் கேட்கவில்லை.

கிருஷ்ணகிரி நர்ஸம்மா (ஓய்வு):

இன்னொன்று விட்டுப்போனது. சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முட்டி தளர்ந்து விழப்பார்ப்பது, பகலில் அடக்க முடியாத தூக்கம், இதோடு அமுக்குவதும் சேர்ந்து வந்தால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அது வேறு கதை, மருந்து இருக்கிறது.

ஓசூர் சி-ஷிப்ட்:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். டீ இரண்டோடு நிற்கிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வாங்கித் தைத்தேன். முதுகுப் பக்கம் தலையணையை அண்டக்கொடுத்து ஒருக்களித்துப் படுக்கிறேன். ரூம்மேட்டிடம் வெட்கத்தை விட்டு எல்லாம் சொன்னேன். தனக்கும் பத்தாவது படிக்கும்போது இரண்டு தடவை வந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம். நான் முனகினால் காலைத் தொட வேண்டும் என்று பேச்சு.

இந்த ஒன்றரை மாதத்தில் ஒரே ஒரு தடவை வந்தது. சட்டைக்காரனும் வந்தான். இடது கட்டைவிரலையே நினைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை என்பது கண்ணில் பட்டது. அது நான் தைக்க வேண்டும் என்று நாலு நாளாகத் தள்ளிப்போட்ட பட்டன். விரல் அசைந்தது.

பாட்டியிடம் போனில் சொன்னேன். “அரிவாள் வெச்சியா?” என்றார். வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு மறுபடி சி-ஷிப்ட் ஆரம்பம். பட்டனைத் தைத்து, சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது.