குடும்ப வண்டி குரூப்: ஸ்லைடு மூடல

தம்பி: மாமா, நம்ம வீட்டு வண்டில ஹால் பக்க ஸ்லைடு, அதான் வெளிய தள்ளுற அறை, உள்ள போயிடுச்சு. ஆனா பின் மூலைல ரெண்டு விரல் இடைவெளி நிக்குது, முன் மூலை நல்லா ஒட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை கிளம்பணும்

அக்கா: போட்டோ போடு

தம்பி: 📷 படம்

சித்தப்பா: சிலிண்டர் நட்டை ரெண்டு சுத்து முறுக்கு. சரியாயிடும்

பெரிய மாமா: மச்சான், தயவு செஞ்சு அதைச் சொல்லாதீங்க. தம்பி, நட்டுல கை வைக்காத. ரெண்டு மூலையும் ஒரே அளவு வெளிய நின்னாதான் நட்டு வேலை. இங்க ஒரு மூலை மட்டும் பிந்துது. சிலிண்டர் ஒண்ணுதான், ஆயில் பிரஷர்ல அது அறை ஓடுற முன் ரெயிலை இழுக்குது. பின் ரெயிலுக்கு அந்த இழுப்பு குறுக்க போற ஷாஃப்ட் வழியாத்தான் போகுது. இப்ப நட்டை முறுக்கினா ஏற்கெனவே ஒட்டின முன் மூலைதான் இன்னும் நெரியும், ஓர விளிம்பு வளைஞ்சுடும்.

தம்பி: அப்ப என்ன பண்ண?

அத்தை: பேட்டரி பாத்தியா முதல்ல

பெரிய மாமா: அதான் முதல்ல. சார்ஜருல போட்டுட்டு எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு அளந்தா 12.6 வோல்ட் நிக்கணும். வோல்ட் கம்மின்னா பம்ப் திணறும், பிரஷர் முழுசா ஏறாது. அடுத்து, அறை நின்ன பிறகும் பட்டனை மூணு நாலு செகண்ட் பிடி. நீ பாதில விடுற ஆளு.

தம்பி: 12.7 இருக்கு. பிடிச்சும் பாத்துட்டேன், அசையல

அக்கா: ஆயில்?

பெரிய மாமா: எல்லா ஸ்லைடும் உள்ள, வண்டியைத் தாங்குற ஜாக் காலும் மேல இருக்கும்போதுதான் ஆயில் மட்டம் பாக்கணும். ஸ்லைடு வெளிய இருக்கும்போது நிறைச்சா, உள்ள இழுக்கையில தொட்டி வழியும். எந்த ஆயில்னு தொட்டி மேல ஒட்டியிருக்கிற தாளைப் பாரு, வேற எதையும் கலக்காத.

சித்தி: மேல் பங்க்ல யார் படுக்கிறதுன்னு இன்னும் முடிவாகல

அக்கா: சித்தி 🙏 அப்புறம்

பெரிய மாமா: இப்ப ஜாக் இறக்கி வண்டியை மட்டம் பண்ணு. கோணலா நின்னா எந்த அளவும் பொய். அப்புறம் ஷாஃப்ட்ல இணைப்பு இருக்கும் பாரு, அதுக்கு குறுக்க ஒரு சாக்பீஸ் கோடு போடு. கோடு இணைப்பு மேலயும் ஷாஃப்ட் மேலயும் ஒரே நேரா ஓடணும். நீ வெளிய வந்து நின்னுட்டு, அக்காவை ஒரு சாண் வெளிய தள்ளி திரும்ப உள்ள இழுக்கச் சொல்லு. அடியில யாரும் இருக்கக் கூடாது. அப்புறம் போய் கோட்டைப் பாரு.

தம்பி: கோடு உடைஞ்சுடுச்சு மாமா!! கிட்டத்தட்ட அரை அங்குலம் விலகியிருக்கு

பெரிய மாமா: அப்ப இணைப்புலதான் நழுவுது. போல்ட் தளர்ந்திருக்கா, அறுந்திருக்கான்னு பாரு. அறுந்திருந்தா அதே அளவு, அதே தர போல்ட் போடு. கையில கிடைச்ச மெல்லிசு போல்ட் மறுபடி அறுந்துடும்.

தம்பி: ஒண்ணு தளர்ந்திருக்கு

பெரிய மாமா: நல்லது. பேட்டரி இணைப்பைக் கழட்டு. போல்ட்டை லேசா தளர்த்திக்கோ. ரெண்டு பேர் வெளியிலிருந்து பின் மூலையைத் தள்ளட்டும், ஓர ரப்பர் சீல் தொட்டதும் நிறுத்து. அந்த நிலையிலேயே இறுக்கு. முழு இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச்லதான்.

அத்தை: டார்க் ரெஞ்ச் சித்தப்பாகிட்டதான் இருக்கு. போன வருஷத்துலருந்து

சித்தப்பா: திருப்பிக் கொடுத்துட்டேனே

சித்தி: கொடுக்கல. படிக்கட்டுக்கு அடியில இருக்கு

சித்தப்பா: சரி சாயந்திரம் எடுத்துட்டு வரேன்

அக்கா: மேல இடைவெளி அதிகம், கீழ கம்மின்னா?

பெரிய மாமா: அது உயர விஷயம்மா. ரெயில் வெளி முனைல இருக்கிற போல்ட்ல சரி பண்றது, ரெண்டு ரெயிலையும் சமமா. இப்ப அதைத் தொட வேண்டாம். இறுக்கி முடிச்சப்புறம் நாலு பக்கமும் சீல்ல ஒரு காகிதம் வெச்சு மூடி, இழுத்துப் பாருங்க. எல்லா இடத்துலயும் காகிதம் இறுக்கமா பிடிச்சு வரணும். நாலு பக்கமும் ஒரே மாதிரி லூஸா வந்தா மட்டும் நட்டு. அதுவும் அரைச் சுத்து, மூடிப் பாத்துட்டு அடுத்த அரை.

தம்பி: ஆயில் ஹோஸ் பக்கம் ஈரமா இருக்கு மாமா

பெரிய மாமா: விரல் வைக்காத! பிரஷர் இருக்கையில ஊசி மாதிரி பீச்சி தோலுக்குள்ள போயிடும். அட்டைத்துண்டு காட்டிப் பாரு.

தம்பி: சரி. அட்டைல ஒண்ணும் படல. மேலருந்து வந்த மழைத்தண்ணி போல

சித்தி: பங்க் விஷயம்??

அக்கா: வெள்ளிக்கிழமை கிளம்புறதா சனிக்கிழமையா, அதைச் சொல்லுங்க முதல்ல

சித்தப்பா: ரெஞ்ச் வரட்டும், பாக்கலாம்