பெட்டி எஞ்சினா, வெட்டின எஞ்சினா?

செம்மண்:
நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு அடுத்த ஓட்டம். அதற்கு முன் ஒன்றை முடிவெடுக்க வேண்டும். போன ஞாயிறு சுன்னாகத்துக் காணிக்கு வராத ஆக்களுக்காகச் சொல்கிறேன். எட்டில் ஒன்று அளவு றிமோட் பகிக் கார் ஓட்டத்துக்கு ஒருவர், ரொறன்ரோவிலிருந்து மாமா கொண்டுவந்த, போர்ட் (சிலிண்டர்ச் சுவரில் காற்றும் புகையும் போகிற துளை) வெட்டிப் பெருப்பித்த எஞ்சினோடு வந்தார். நேர்ப்பாதையில் எங்கள் கார்கள் எல்லாம் நிற்கிற மாதிரித் தெரிந்தது. இரண்டு பொடியள் இனி வரமாட்டோம் என்று காரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். என் முடிவு, இனிப் பெட்டியில் வந்தபடி எஞ்சின் மட்டும். பதினொரு பேர் ஓடுகிற ஊர் இது. வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறவனின் ஓட்டமாக்க வேண்டாம்.

மருமகன்:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணை. நேர்ப்பாதையைச் சொன்னீர்கள், நான் எத்தனையாவதாக வந்தேன் என்பதைச் சொல்லவில்லையே? மூன்றாவது.

அப்புறம் "பெட்டியில் வந்தபடி" என்றால் என்ன? விலை கூடிய எஞ்சின் எதையாவது திறந்து பாருங்கள். கிராங்கின் உள்வாயை ஆலையே வளைத்து, வெற்றிடத்தைப் பசையால் நிரப்பி, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கொனெக்டிங் ரொட்டைக் கத்தி விளிம்பு போலச் சீவித்தான் அனுப்புகிறது. அது பெட்டி எஞ்சின். அதே வேலையை ஒருவர் கையால் செய்தால் களவா? உலகப் போட்டிகளிலேயே கொள்ளளவு 3.5 சிசி, எரிபொருள் தாங்கி 125 சிசி, சைலன்சரில் அனுமதி எண் என்றுதான் பார்க்கிறார்கள். உள்ளே போர்ட்டை எவ்வளவு உயர்த்தினாய் என்று யாரும் கேட்பதில்லை.

கராஜ் ஐயா:
தம்பிமார், 90களில் யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள் எதில் ஓடினது என்று உங்கள் தகப்பன்மாரைக் கேளுங்கள். சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் ஊதிவிட்டு உதைப்போம். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய். பின்னால் வெள்ளைப் புகை, பிளக்கில் கரி. தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பும் அப்படித்தான். எந்த எஞ்சினும் பெட்டியில் வந்தபடி ஓடவில்லை. அந்த ஊரில் வந்து எஞ்சினைத் தொடாதே என்று சட்டம் போடுகிறீர். என் வாக்கு வெட்டுகிற பக்கம்.

செம்மண்:
ஐயா, அது இல்லாத குறைக்குச் செய்தது. இது விளையாட்டு.

லைனர் போனவன்:
வெட்டினதால் நான் அழிந்த கதையையும் கேளுங்கள். வேறு யாரையும் குற்றம் சொல்ல இல்லை, கை என்னுடையது, கிரைண்டரும் என்னுடையது. வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு எக்ஸோஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை அரை மில்லிமீட்டர் உயர்த்தினேன். விளிம்பைச் சரித்துத் தேய்த்துவிட வேண்டும் என்று தெரியாது.

இந்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு றிங் கிடையாது. சிலிண்டருக்குள் ஒரு பித்தளைக் குழாய், அதுதான் லைனர், அதன் உள்ளே குரோம் பூச்சு, அதற்குள் அலுமினியப் பிஸ்டன். லைனர் மேலே போகப் போகச் சற்று ஒடுங்கும். குளிரில் பிஸ்டன் உச்சியில் போய் இறுகுவது அதனால்தான். சூடேறினால் பித்தளையின் மேல்பக்கம் விரிந்து இடம் கொடுக்கும். அந்த இறுக்கம்தான் எஞ்சினின் உயிர்.

இரண்டு தாங்கி ஓடினேன். மூன்றாவதில் ஐடில் (வேகம் கொடுக்காமல் மெதுவாக ஓடுவது) நிற்கவில்லை. ஆறவிட்டு ஃபிளைவீலை ஒரு விரலால் சுற்றினால் உச்சியில் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. லைனரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். போர்ட்டின் மேல் விளிம்பில் அரிசிமணி அளவுக்குக் குரோம் உரிந்து, மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. உரிந்த துணுக்கு பிஸ்டனின் பக்கமெல்லாம் நகத்தால் கீறினது போலக் கோடு போட்டிருந்தது. லைனர், பிஸ்டன் இரண்டுமே குப்பை. அந்தச் சோடியின் விலைக்கு மலிவான ஒரு முழு எஞ்சினே வாங்கலாம்.

மருமகன்:
அது வெட்டத் தெரியாமல் வெட்டினது. என்னுடையது வடிவாகத் தெரிந்த ஆள் வெட்டினது.

லைனர் போனவன்:
ஓம், இங்கே அப்படியான ஆள் இல்லை என்பதுதான் என் கதை. உமக்கு ரொறன்ரோ இருக்கிறது.

புதுப்பிளக்:
அண்ணைமார், வெட்டாமல் 30 சதவீத நைட்ரோ கலந்த எரிபொருள் விட்டால் அதே பவர் வராதா? என்னிடம் இப்போது 16 தான்.

ஊசி:
தம்பி, நைட்ரோமீதேன் தன்னோடு ஒட்சிசனையும் கொண்டுவருகிறது. ஒரு கிலோ பெற்றோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், எங்கள் எரிபொருளின் பெரும்பகுதியான மெதனோலுக்கு ஆறரை, நைட்ரோமீதேனுக்கு 1.7 போதும். அதே காற்றுக்குக் கூடுதலாக எரிபொருளை உள்ளே தள்ளலாம், பவர் வருவது அங்கேதான். ஆனால் போத்தலை மாற்றினால் மட்டும் போதாது. எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற காபரேட்டர் ஊசியைத் திறக்க வேண்டும், ஹெட்டுக்குக் கீழே இன்னொரு ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) போட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரத்துக்கு முன் பற்றி, பிளக்கின் பிளாட்டினச் சுருள் நசுங்கி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் 16 சதவீதத்துக்கு மேல் உரிமம் இல்லாமல் சாதாரண ஆக்களுக்கு விற்பதே இல்லை. வெடிமருந்துக்குப் பயன்படும் என்ற பயம். அங்கேயும் கார் ஓடுகிறது. நீர் 16 ஓடே இரும்.

முதலில் ஊசியைப் பழகும். சூடான ஹெட்டில் ஒரு துளி தண்ணீர் விடும். சீறித் தெறித்தால் சூடு கூட. சும்மா கிடந்தால் குறைவு. மூன்று நாலு எண்ணும் வரை கொதித்து வற்றினால் சரி. பிறகு ஐடிலில் நிற்கும்போது காபரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை நசுக்கும். சத்தம் கொஞ்சம் ஏறி, இரண்டு மூன்று செக்கனில் நின்றால் கீழ் ஊசி, அதாவது மெதுவான ஓட்டத்துக்கான ஊசி, சரி. நசுக்கின உடனேயே செத்தால் எரிபொருள் காணாது. நிற்காமல் நீண்ட நேரம் ஓடினால் கூட. போன ஞாயிறு ஓடின ஆக்களில் ஆறு பேர் இதைச் செய்து நான் காணவில்லை.

விவாதத்துக்கும் ஒன்று. மருமகன் மூன்றாவதாக வந்ததன் காரணம் எனக்குத் தெரியும், நான்தான் தாங்கி நிரப்புமிடத்தில் நின்றேன். அரை மணி ஓட்டம். அவருக்கு ஒரு தாங்கி ஆறரை நிமிடம், நாலு தரம் உள்ளே வந்தார். மற்ற ஆக்களுக்கு எட்டு நிமிடம் சொச்சம், மூன்று தரம். எக்ஸோஸ்ட் முன்னரே திறந்தால் உச்சச் சுற்றில் பவர், கீழே வறுமை. அந்தக் காணியில் நேர்ப்பாதை ஒன்றுதான், மிச்சமெல்லாம் வளைவும் புழுதியும். ஒவ்வொரு வளைவிலும் பவர் திடீரென்று ஏறி, பின்சில்லு சும்மா சுற்றிச் செம்மண்ணை வாரி இறைத்தது. அதில் பாதி அவருடைய காற்று வடிகட்டிக்குள் போயிருக்கும். என்னைக் கேட்டால் தடையே தேவையில்லை, வெட்டினவனை அந்தக் காணியே தண்டிக்கும்.

மருமகன்:
வடிகட்டிக்கு எண்ணெய் பூசித்தான் ஓடுகிறேன் அண்ணை. மற்றது... கீழே இழுவை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

செம்மண்:
அது இந்தக் காணிக்குச் சரி. நாளைக்கு முற்றவெளி மாதிரி அகலமான இடம் கிடைத்தால்? அங்கே யார் தண்டிப்பது?

கராஜ் ஐயா:
தடை போட்டால் எப்படிப் பிடிப்பீர்? ஒவ்வொரு எஞ்சினையும் திறந்து லைனரின் போர்ட்டுக்கு வேணியர் பிடிப்பீரா? ஆலையின் அளவு உமக்குத் தெரியுமா? திறந்து பூட்டுகிற ஒவ்வொரு தரமும் லைனர் இருப்பு மாறும். பிறகு அதற்கும் என்னிடம்தான் வருவீர்கள். பார்க்க முடியாத சட்டத்தை எழுதி என்ன பிரயோசனம்?

வெளியில் நின்று பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. காபரேட்டரின் வாய்க்குள் போடுகிற வளையம். எல்லாரும் 6 மில்லிமீட்டர் வளையம் போடட்டும். என்னிடம் 6.1 ட்ரில் பிட் ஒன்று இருக்கிறது. வடிகட்டியைக் கழற்றி, பிட்டின் தண்டுப் பக்கத்தை வாய்க்குப் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே போனால் ஓட்டம் இல்லை. எவ்வளவு வெட்டினாலும் மூக்கைப் பொத்திவிட்டால் எவ்வளவுதான் மூச்சு விடும்? எரிபொருளும் மிச்சம்.

லைனர் போனவன்:
இது எனக்குச் சரி. விலை கூடிய பெட்டி எஞ்சினுக்கும் அதே மூக்குத்தான்.

மருமகன்:
6 கொஞ்சம் அநியாயம் ஐயா, 6.5 ஆக்கலாமே. என்னிடம் 6 வளையம் இல்லை.

ஊசி:
என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றைத் தருகிறேன்.

செம்மண்:
பெட்டி எஞ்சின்தான் நியாயம் என்று இன்னமும் நினைக்கிறேன், ஆனால் ஐயா சொன்ன மாதிரி அதை என்னால் பிடிக்க முடியாது. 6.5 எல்லாம் இல்லை, 6 தான். சனி பின்னேரம் ஐயாவின் கராஜில் அளப்போம், அந்த இரண்டு பொடியளையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். மருமகன், எஞ்சினைக் கழுவிக்கொண்டு வாரும். போன முறை தூக்கிப் பார்த்ததற்கு என் காற்சட்டை எல்லாம் எரிபொருளில் கலக்கிற ஆமணக்கெண்ணெய்.