ஸ்வீடன் மேனேஜர் "முடிஞ்சா பாரேன்"னு சொன்னா என்ன அர்த்தம்?

ஸ்வீடனுக்கு வந்து மூணு மாசம் ஆன தம்பி ஒருத்தர் நேத்து போன்ல ஒரே புலம்பல். "அண்ணே, எங்க மேனேஜர் வேலையே சொல்ல மாட்டேங்கிறார். என்ன செய்யணும்னு கேட்டா, நீ என்ன நினைக்கிறேன்னு என்னையே திருப்பிக் கேக்கிறார்." புதுசா வர்ற நம்மாட்கள் நிறையப் பேர் முழிக்கிற இடம் இது. அதான் பொதுவுலயே எழுதிடறேன்.

அவர் உங்களைச் சோதிக்கலை. பதில் நிஜமாவே வேணும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வந்த புதுசுல மேனேஜர் காபி மெஷின் பக்கம் நின்னுக்கிட்டு, "அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை முடிஞ்சா ஒரு தடவை பாரேன்"னார். முடியலை, விட்டுட்டேன். அடுத்த வாரம் அதே இடத்துல "பாத்தியா?" இல்லைன்னேன். "சரி"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார். மதியமே அந்த வேலை இன்னொருத்தர் கைக்குப் போயிடுச்சு. இங்கே 'முடிஞ்சா'ங்கிறதுதான் உத்தரவு. இதைவிட அழுத்திச் சொல்ல மாட்டாங்க.

மீட்டிங்ல வாயை மூடிக்கிட்டு இருக்கிறது நம்ம ஊர்ல மரியாதை. இங்கே, இவருக்கு அக்கறை இல்லை போலன்னு எடுத்துப்பாங்க. ஆனா முடிவு முக்கால்வாசி மீட்டிங்குக்கு முன்னாடியே ஆகிடும். ஒவ்வொருத்தரையா பாத்துப் பேசிச் சம்மதிக்க வைக்கிறதுக்கு 'ஃபொராங்க்ரிங்'னு பேரே இருக்கு, நங்கூரம் பாய்ச்சுறதுன்னு அர்த்தம். உங்க யோசனையை ஃபீக்கா நேரத்துல, அதாங்க காபி இடைவேளை, நாலு பேர் காதுல போட்டு வைங்க. சட்டமும் இந்தப் பக்கம்தான்: பெரிய மாற்றம்னா, கம்பெனி தன்னோட ஒப்பந்தம் போட்ட யூனியன்கிட்ட முதல்ல பேசணும்னு 1976-லேயே சட்டம் வந்தாச்சு. இப்படி ஒவ்வொருத்தரையா சம்மதிக்க வைக்கிறதால ஒரு சின்ன விஷயத்துக்கும் மூணு வாரம் இழுப்பாங்க. எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

'சார்' வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடுங்க. இவங்களும் ஒரு காலத்துல பதவிப்பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கதான். 1967-ல மருத்துவ வாரியத் தலைவரா வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர் எல்லாரையும் ஒருமையில 'து'ன்னுதான், அதாவது 'நீ'ன்னுதான் கூப்பிடுவேன்னு அறிவிச்சார். அந்தப் பழக்கம் அப்புறம் நாடு முழுக்கப் பரவிடுச்சு.

தன்மையா பேசறாங்களேன்னு அசந்துடாதீங்க. சோதனைக் காலம் 6 மாசம் வரைக்கும் இருக்கலாம், அதுக்குள்ள காரணம் சொல்லாமலே அனுப்ப முடியும். மாசம் ஒரு தடவை, "எதை மாத்திக்கணும்?"னு நேரா கேட்டுடுங்க. 'நல்லாப் போகுதா?'ன்னு கேட்டா எல்லாரும் 'ஆமா'ன்னுதான் சொல்வாங்க.

கமெண்ட்ல ஒருத்தர், ராத்திரி உக்காந்து வேலை பாத்தா நல்ல பேர் கிடைக்குமான்னு கேட்டிருந்தார். நானும் ஒரு தடவை பதினோரு மணிக்கு மெயில் போட்டுட்டு, பாராட்டு வரும்னு காத்திருந்தேன். மறுநாள் மேனேஜர் தனியா கூப்பிட்டு, "உனக்கு வேலை அதிகமா இருக்கா, எதையாவது குறைக்கட்டுமா?"ன்னார்.