பழைய டிவி போர்டில் கழற்றிய 7805, எல்.எம். 317 ரெகுலேட்டர் ஐ.சி. எல்லாவற்றையும் எதற்குப் பயன்படுத்தலாம்?

பாலக்கோட்டான்:
இங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் டிவி போர்டு, யூ.பி.எஸ். போர்டு எல்லாம் எடை போட்டு வாங்கிவந்தேன். 2006ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த பெட்டிகள்தான் பாதிக்கு மேல், இந்தப் பக்கம் அவை ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. கழற்றியதில் வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் மூன்று கால் ரெகுலேட்டர் ஐ.சி.கள் தேறின: 7805 (5 வோல்ட்), 7812 (12 வோல்ட்) நிறைய, வோல்டேஜை நாமே வைத்துக்கொள்ளும் எல்.எம். 317 கொஞ்சம், 7912 (மைனஸ் 12 வோல்ட்) ஒன்றிரண்டு. வோல்டேஜைக் குறைத்துத் தரும் ரெடிமேட் பக் கன்வெர்ட்டர் மாட்யூல் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இந்தக் குப்பை எதற்கு என்கிறார்கள். எனக்குத் தூக்கிப்போட மனசு வரவில்லை. தக்காளித் தோட்டத்து மோட்டார் ரூமில் சோலார் பேனலோடு ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்து தண்ணீர் கட்டப் போகும்போது அங்கே ஒரு லைட் வேண்டும். இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? எது நல்லது எது செத்தது என்று எப்படிப் பார்ப்பது?

ஓசூர் ஈயம்:
தாராளமாகச் செய்யலாம். உங்களுக்கு வேண்டியது அந்த 317தான். அதை வோல்டேஜ் ரெகுலேட்டர் என்றே நினைக்காதீர்கள். உள்ளே நடப்பது ஒன்றுதான்: அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அந்த இரண்டு கால்களுக்கு நடுவே ஒரே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, அட்ஜஸ்ட் காலிலிருந்து எல்.இ.டி.க்குக் கொடுத்தால் கரண்ட் மாறாது. 4.7 ஓம் போட்டால் 1.25 வகுத்தல் 4.7, சுமார் 266 மில்லி ஆம்பியர், ஒரு வாட் எல்.இ.டி.க்கு அளவான கரண்ட். பேட்டரி 12ல் இருந்தாலும் பகலில் சார்ஜ் ஆகி 14.4க்குப் போனாலும் வெளிச்சம் அப்படியே நிற்கும். வெறும் ரெசிஸ்டர் மட்டும் போட்டால் இது வராது, 14.4ல் எல்.இ.டி. எகிறிப்போய்ச் சீக்கிரம் மங்கிவிடும்.

செக் பண்ண: 12 வோல்ட் சப்ளையோடு ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை சீரியலில் போட்டுக்கொள்ளுங்கள், ஐ.சி. ஷார்ட்டாக இருந்தால் பல்பு எரியும், வேறு சேதம் இல்லை. 317ல் அட்ஜஸ்ட் காலை கிரவுண்டில் கட்டி, அவுட்டுக்கும் கிரவுண்டுக்கும் 120 ஓம் போட்டு அளந்தால் 1.2க்கும் 1.3க்கும் நடுவே வர வேண்டும். 7805க்கு 100 ஓம் லோடு போட்டு 4.8 முதல் 5.2க்குள் வந்தால் நல்ல சரக்கு. லோடு இல்லாமல் அளந்துவிட்டு நல்லது என்று எடுத்துவைக்காதீர்கள், அரைகுறையாகச் செத்ததும் மீட்டரில் சரியாகத்தான் காட்டும்.

காவேரிப்பட்டினம் ரேடியோ:
தம்பி, இன்னும் போர்டு கழற்றுவதாக இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள். யூ.பி.எஸ்., டிவி எதுவானாலும் கடைசியாக எப்போது கரண்டில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. சப்ளை பகுதியில் இருக்கும் பெரிய 400 வோல்ட் கண்டென்சர் (கெப்பாசிட்டர்) 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். மீட்டரில் அளந்து, வாட்டேஜ் அதிகமான ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அப்புறம் ஐ.சி.யின் முதுகில் இருக்கும் உலோகத் தகடு. 7805, 7812ல் தகடு கிரவுண்ட். 317ல் அது அவுட்புட். 7912ல் இன்புட், அதாவது மைனஸ் லைன். எல்லாவற்றையும் ஒரே ஹீட் சிங்கில் (சூட்டை வெளியே விடும் அலுமினியத் தகடு) நேராகத் திருகினால் ஷார்ட்தான், நடுவில் மைக்கா ஷீட்டும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். 79 வரிசையின் கால் வரிசையும் வேறு: 78ல் இன், கிரவுண்ட், அவுட், 79ல் கிரவுண்ட், இன், அவுட்.

7812 உங்கள் பேட்டரிக்கு ஆகாது, உள்ளே சுமார் 2 வோல்ட் அதற்கே வேண்டும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரில் சின்ன ஃபேன் ஓட்ட அது அருமை. 0.15 ஆம்பியர் ஃபேன் என்றால் ஒரு வாட் அளவுதான் சூடு. 7805ஐ ரேடியோ சர்க்யூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீடியம் வேவ் ரேடியோ பக்கத்தில் பக் மாட்யூலை வைத்துப் பாருங்கள், கிர்ரென்று இரைச்சல் வரும். 7805ல் அந்தத் தொல்லையே கிடையாது. மாட்யூல் மலிவு என்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று, சப்ளை பகுதியில் ஆப்டோகப்ளர் (வெளிச்சத்தால் சிக்னல் கடத்தும் சின்ன ஐ.சி.) பக்கத்தில் டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால் சாமான் இருந்தால் எண்ணைப் படித்துப் பாருங்கள், டி.எல். 431ஆக இருக்கலாம். இருந்தால் விட்டுவிடாதீர்கள், உங்கள் பேட்டரிக்குக் காவல்காரன் அதுதான். ரெஃபரன்ஸ் கால் 2.5 வோல்ட்டைத் தாண்டினால் அது கண்டக்ட் ஆகும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 36 கிலோ ஓம், கீழே கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், நடுப் புள்ளியை ரெஃபரன்ஸ் காலுக்குக் கொடுங்கள். பிளஸ்ஸிலிருந்து 1 கிலோ ஓம், சிவப்பு எல்.இ.டி. வழியாக 431ன் கேத்தோடுக்கு, 431ன் ஆனோடு கிரவுண்டில். பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை எல்.இ.டி. எரியும், அணைந்தால் லோடைக் கழற்ற வேண்டும் என்று அர்த்தம். அணைந்த பிறகும் லேசாக மினுக்கினால் எல்.இ.டி.க்குக் குறுக்கே 2.2 கிலோ ஓம் போடுங்கள், 431 எடுக்கும் கொஞ்சக் கரண்ட் அந்த வழியில் போய்விடும்.

பாலக்கோட்டான்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. 431 மூன்று கிடைத்துவிட்டது! ஒரு சந்தேகம், 317ல் ஒரு வாட் எல்.இ.டி. மூன்றை சீரியலில் போடலாமா?

ஓசூர் ஈயம்:
வேண்டாம். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 3.2 வோல்ட் வைத்தால் மூன்றுக்கு 9.6. ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி.க்குள் ஏறக்குறைய 2 வோல்ட். 12.8க்கு மேல் ஆகிவிட்டது, ராத்திரி பேட்டரி அவ்வளவு கொடுக்காது. இரண்டு எல்.இ.டி. சீரியலில் போட்டால் 9.7 போதும், பேட்டரி 11.5க்கு இறங்கினாலும் வெளிச்சம் குறையாது. ஐ.சி.யில் ராத்திரி ஒன்றே கால் வாட் அளவு சூடு, பகலில் சார்ஜ் ஏறும்போது எரியவிட்டால் 1.8 வாட் வரும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினியத் தகடு போதும். 4.7 ஓம் ரெசிஸ்டரை ஒரு வாட்டாகப் போடுங்கள், கால் வாட் தாங்காது. நான்கு எல்.இ.டி. வேண்டுமென்றால் இரண்டு ஜோடியாகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் தனி 317 வையுங்கள். அதுதான் கையில் இருக்கிறதே.